தொட்டியைத் துப்புரவாக்கும் மீனா?
பிளெக்கோ வளர்ப்புப் பற்றிய சில விளக்கங்கள்



புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மிற் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றோம். நாயோ பூனையோ வளர்ப்பதற்கு இடமில்லாத இல்லங்களில், பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கப் பெற்றோர் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் ஒரு மீன்தொட்டியே. பல இன மீன்கள் ஒருங்கே நீந்தும் அக்கலப்புத் தொட்டியின் கண்ணாடியிற் பச்சைப் பாசி படரத் தொடங்கியதும், கடைக்காரர் விரல் நீளமுள்ள ஒரு சிறு மீனைக் காட்டி, "இது தொட்டியைத் துப்புரவாக்கும்" என்பார். நாமும் வாங்கி வருவோம். அம்மீனே பிளெக்கோ. அதனை ஓர் உயிராக எண்ணாது, கூலியில்லா வேலையாளாக எண்ணி வாங்குவதே நாம் செய்யும் முதற் பிழையாகும். அஃது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளெக்கோ என்பது யாது?

பிளெக்கோக்கள் தென்னமெரிக்க ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட கெளுத்தி மீன்கள். ஏனைய கெளுத்திகள் பலவற்றின் உடல் வழுவழுப்பாயிருக்க, இவற்றின் உடலை எலும்புத் தகடுகள் கவசம்போல் மூடியுள்ளன. இக்குடும்பத்தில் ஆயிரம் வரையான இனங்கள் உண்டு. தலையின் கீழ்ப்புறத்தில் அமைந்த உறிஞ்சு வாயினாற் பாறையையும் மரத்தையும் பற்றிக்கொள்வதால், விரைந்தோடும் நீரும் இவற்றை அடித்துச் செல்வதில்லை. நுண்ணிய பற்களாற் பாசியைச் சுரண்டி உண்ணும். பகலில் மறைந்திருந்து இரவில் வெளிவரும் இயல்புடையவை.

எதனை வாங்கலாம்?

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண பிளெக்கோ, 5 சென்ரிமீற்றர் நீளத்தில் விற்கப்படினும், 30 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடியது. 10 ஆண்டுகளுக்கு மேல் வாழவும் வல்லது. 100 லீற்றர் தொட்டியில் அது திரும்புவதற்கே இடமிராது. வளர வளரப் பாசியுண்பது குறைந்து, கழிவு மிகும். துப்புரவாக்க வந்த மீனே தொட்டியை அழுக்காக்கும் நிலை தோன்றும்.

இல்லங்களுக்கு ஏற்றது 'பிரிசில்நோஸ்' எனப்படும் சிறிய பிளெக்கோவே. அன்சிஸ்ட்ரஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இது, 12 முதல் 15 சென்ரிமீற்றர் வரையே வளரும். நியோன் தெத்திரா, கப்பி போன்ற அமைதியான சிறு மீன்களுடன் இசைந்து வாழும். எனினும் இரண்டு ஆண் மீன்கள் ஒரு குகைக்காகச் சண்டையிடுமாதலால், சிறிய தொட்டியில் ஓர் ஆணுக்கு மேல் வைத்தல் நன்றன்று.

நீரும் உணவும்

புதிய தொட்டியில் உடனே மீன்களை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. வடிகட்டியில் வளரும் நன்மை தரும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருகுவதற்குச் சில வாரங்கள் செல்லும். நைத்திரேற்றை அகற்றுவதற்காக, வாரந்தோறும் நாற்பங்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரீனை நீக்கும் மருந்தினைச் சேர்த்த பின்னரே நீரை ஊற்றல் வேண்டும். வெப்பநிலை 24 முதல் 26 பாகை செல்சியஸ் வரை இருப்பது நன்று. குளிர் நாடுகளில் இதற்குச் சூடாக்கி இன்றியமையாதது.

தொட்டியிலுள்ள பாசி மட்டும் இம்மீனுக்குப் போதாது. கொதிநீரிலிட்டு மென்மையாக்கிய சுக்கினி, வெள்ளரி ஆகியவற்றின் துண்டுகளையும், நீரில் அமிழும் பாசி வில்லைகளையும், விளக்கை அணைத்த பின் இடுதல் வேண்டும். எஞ்சியதை மறுநாளே அகற்றிவிட வேண்டும். சுரண்டி உண்பதற்கும் ஒளிந்திருப்பதற்கும் மீன்தொட்டிக்கென விற்கப்படும் மரக்கட்டையொன்றை இடுதலும் அவசியம்.

தந்தை காக்கும் குஞ்சுகள்

ஏறக்குறைய ஓராண்டில் பிரிசில்நோஸ் முதிர்ச்சியடையும். ஆணின் மூக்கிலும் நெற்றியிலும் கிளைத்த தசை இழைகள் மீசைபோல் வளரும். பெண்ணுக்கு அவை மிகச் சிறியனவாக இருக்கும், அல்லது இரா. ஒருபுறம் மூடிய மண்குழாயொன்றைத் தொட்டியின் அடியில் வைத்தால், ஆண் அதனைத் தன் வீடாகக் கொள்ளும். சற்றுக் குளிர்ந்த நீரை மாற்றி ஊற்றினால், மழைக்காலம் வந்ததென எண்ணி அவை இனப்பெருக்கத்திற்கு ஆயத்தமாவதுண்டு.

பெண் மீன் குகையினுட் செம்மஞ்சள் நிற முட்டைகளைக் கொத்தாக இட்டுவிட்டு அகன்றுவிடும். அதன் பின் முழுப் பொறுப்பும் தந்தைக்கே. ஆண் மீன் குகை வாயிலை உடலால் மறைத்து, செட்டைகளால் இடைவிடாது விசிறி, முட்டைகளுக்கு ஒட்சிசன் நிறைந்த நீரைச் செலுத்தும். உணவை நாடி வெளியே வருவதும் அரிது. ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் முட்டைகள் பொரிக்கும். வயிற்றிலுள்ள மஞ்சட்கரு தீரும் வரை குஞ்சுகள் தந்தையின் காவலிலேயே இருக்கும். வெளிவந்ததும் அவற்றிற்கு மென்மையான காய்கறி எந்நேரமும் கிடைக்க வேண்டும். வடிகட்டியின் உறிஞ்சு குழாய்க்குப் பஞ்சு கட்டாவிடின் குஞ்சுகள் அதனுள் இழுக்கப்பட்டு இறந்துவிடும். கலப்புத் தொட்டியில் ஏனைய மீன்கள் சிலவற்றை உண்ணக்கூடும். அடர்ந்த செடிகள் இருப்பின் பல தப்பிப் பிழைக்கும்.

இங்கேதான் ஒரு வினா எழுகின்றது. ஒரு முறையிற் பல பத்துக் குஞ்சுகள் தோன்றும். சில வாரங்களில் மீண்டும் முட்டையிடும். அத்தனையையும் யாது செய்வது?

ஆற்றில் விடலாமா?

ஒருபோதும் விடலாகாது. குளிர் நாட்டு ஆற்றில் விடப்படும் வெப்பநாட்டு மீன், மாரிகாலக் குளிரில் இறந்துவிடும். அது விடுதலையன்று, கொலையே. வெப்பநாட்டு நீர்நிலையில் விட்டாலோ, சாதாரண பிளெக்கோ பெருகி ஊருக்கே கேடாகும். அமெரிக்காவின் புளோரிடாவிலும், மெக்சிக்கோவிலும், பிலிப்பைன்சிலும் இவ்வாறே நிகழ்ந்தது. இவை கரைகளிற் குழி தோண்டி மண்ணரிப்பை உண்டாக்குகின்றன. கூரிய முட்களால் மீனவரின் வலைகளைக் கிழிக்கின்றன. எமது தாயகங்களும் தப்பவில்லை. தமிழ்நாட்டு ஏரிகளிலும் இலங்கை நீர்நிலைகளிலும் இம்மீன்கள் வலையில் அகப்படுகின்றன. உண்ணும் மீனை நாடி வலை வீசிய ஏழைத் தொழிலாளிக்கு, எவரோ ஒருவர் தொட்டியிலிருந்து கொட்டிய மீன் நட்டத்தையே தருகின்றது.

ஆகவே, குஞ்சுகளை ஏற்போர் உளரா என முன்கூட்டியே விசாரியுங்கள். கடைகளும் மீன்வளர்ப்புச் சங்கங்களும் ஏற்பதுண்டு. ஏற்போர் இல்லையெனின், ஒரு மீனை மட்டும் வளருங்கள்.

மாணவச் செல்வங்களே! கடையில் ஒரு சிறு மீனைக் கண்டு ஆசை கொள்ளும்போது, "இது எவ்வளவு பெரிதாக வளரும்? எத்தனை ஆண்டு வாழும்?" என்னும் இரு வினாக்களை முதலிற் கேளுங்கள். விடையறிந்த பின் வாங்குங்கள். நாட்கணக்கில் உணவையும் மறந்து குகை வாயிலிற் காவல் நிற்கும் அச்சிறு தந்தையிடம் நாம் கற்க வேண்டிய பாடமும் இதுவே: ஓர் உயிரை ஏற்றுக்கொண்டால், இறுதிவரை காத்தல் கடன்.