‘ஸ்போர்ட்ஸ் டைரக்டர்’ வேலை: என்ட்ரி ஃபார்ம்ல யார் கையெழுத்து?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் இன்பாக்ஸ்ல ஒரே மாதிரி நாலஞ்சு கேள்வி. ஆவடியில இருந்து ஒரு தம்பி கேட்டது இது: “அக்கா, அமெரிக்க சீரிஸ்ல ஹைஸ்கூல்ல அத்லெடிக் டைரக்டர்னு ஒருத்தர் வர்றாரே, அந்த வேலை நம்ம ஊர்ல இருக்கா? பி.பி.எட். முடிச்சா கிடைக்குமா?”

இருக்கு. ஆனா அந்தப் பேர்ல இல்லை. அங்கே அத்லெடிக் டைரக்டர் பெரும்பாலும் நிர்வாகி. கோச்களை வேலைக்கு எடுப்பது, மேட்ச் அட்டவணை, பஸ், பட்ஜெட், எந்தப் பையன் ஆடத் தகுதி உள்ளவன் என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விசில் ஊதுவது வேறு ஆள். நம்ம ஊர்ல இந்த மொத்த வேலையையும் விசில் ஊதுற அதே ஆள்தான் செய்யணும். அவருக்குப் பேர் பி.டி. சார், பி.டி. மிஸ். காலையில் பிரேயர் வரிசை, ஆகஸ்ட் 15 அணிவகுப்பு, தலைமுடி நீளமா இருக்கிற பையனைப் பிடிப்பது, இதெல்லாம் கூடுதல் இலவச இணைப்பு. நான் 9 வருஷமா அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இந்த வேலையில் இருக்கேன். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல அரசு வழி. அரசுப் பள்ளிகள்ல மூணு படி இருக்கு. உடற்கல்வி ஆசிரியர், அதுக்கு மேல உடற்கல்வி இயக்குநர் நிலை 2, மேல்நிலைப் பள்ளிகளுக்கு நிலை 1. ‘டைரக்டர்’ என்ற சொல் நம்ம அரசு ஆவணத்துலேயே இருக்கு பாருங்க, தனியார் பள்ளிக்காரங்க கண்டுபிடிச்சது இல்லை. நிலை 1 பதவி முதுகலை ஆசிரியருக்குச் சமம். சம்பளம் 36,900ல் ஆரம்பித்து 1,16,600 வரை போகும், படிகள் தனி. ஆசிரியர் தேர்வு வாரியம் முதுகலை ஆசிரியர் தேர்வோடு சேர்த்தே இதை நடத்தும். 2025 ஜூலையில் வந்த அறிவிப்பில் எல்லாப் பாடமும் சேர்த்து 1,996 இடங்கள். தமிழ்த் தகுதித் தாள்ல 50க்கு 20 எடுக்கணும், இல்லைன்னா மெயின் தாளைத் திருத்தவே மாட்டாங்க. மெயின் தாள் 150 மார்க். அதுல 110 பாடம், 30 கல்வி உளவியல், 10 பொது அறிவு. மைதானத்துலேயே வாழ்றவங்க பலர் அந்த 30ஐத்தான் கோட்டை விடுவாங்க. பொதுப் பிரிவுக்கே வயசு வரம்பு 53. அதனால 30 தாண்டினதும் “எனக்கு வயசாயிடுச்சு”ன்னு சொல்ல வேண்டாம்.

சிக்கல் வேற இடத்துல. எப்போ அறிவிப்பு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. சிறப்பாசிரியர் பதவிகளுக்கு 2017ல் அறிவிப்பு வந்தப்போ மொத்தம் 1,325 இடம், அதுல 663 உடற்கல்விக்கு. பெரிய எண்ணிக்கைதான். ஆனா அப்படி ஒண்ணு அடிக்கடி வர்றதில்லை. அதை நம்பி வேற வேலைக்கே போகாம வீட்டுல உட்கார்ந்தவங்க என் பேட்ச்லயே உண்டு.

இன்னொரு பக்கத்தையும் பார்த்துடணும். 2012ல் அரசு சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்களை ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு எடுத்தது. ஆரம்பச் சம்பளம் மாசம் 5,000. ஒவ்வொரு போராட்டத்துக்கும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 2023ல் அறிவித்த உயர்வோடுதான் 12,500க்கு வந்தது. பதினோரு வருஷம். “அரசுப் பள்ளியில கால் வச்சா போதும், அப்புறம் நிரந்தரம் ஆயிடும்”னு யாராவது சொன்னா இந்தக் கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. பகுதிநேரம் தப்புன்னு சொல்லலை. எதுக்கு ஒத்துக்கிறோம்னு தெரிஞ்சு ஒத்துக்கணும்.

ஆவடிக்காரங்களுக்கு மூணாவதா ஒரு கதவு இருக்கு, கேந்திரிய வித்யாலயா. டாங்க் தொழிற்சாலை, ஏர்ஃபோர்ஸ், சிஆர்பிஎஃப்னு மத்திய அரசு வளாகங்கள் நிறைய இருக்கிறதால இந்தப் பள்ளிகளும் இங்கே பக்கத்துப் பக்கத்துலேயே இருக்கு. உடற்கல்வி டிஜிடி பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 44,900. ஆனா பொதுப் பிரிவுக்கு 35 வயசோட முடிஞ்சுடும், நாடு முழுக்க எங்கே வேணும்னாலும் போடுவாங்க. ஆவடி பள்ளி வாசலைப் பார்த்து ஆசைப்பட்டவங்களுக்கு அசாம்ல போஸ்டிங் வரலாம்.

சரி, தனியார் பள்ளி. உங்கள்ல பெரும்பாலானவங்க முதல்ல போகப்போறது இங்கேதான், அதனால இதுல கொஞ்சம் நிதானமாப் பேசறேன்.

காலியிடம் எப்படித் தெரிய வரும்? வேலை ஆப்கள்ல வர்றது பாதிகூட இல்லை. மிச்சம் மைதானத்துல வாய்வழியா வரும். ஜோனல் மீட்ல கபடி ஆட்டத்துக்கு அம்பயரா நிற்கிற ஒருத்தர், “அந்த ஸ்கூல்ல சார் டிஆர்பி பாஸ் பண்ணிட்டாரு, ஆள் தேடுறாங்க”ன்னு சொல்வார். அவ்வளவுதான் விளம்பரம். நந்தனம் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி ஞாபகம் இருக்கா? 1920ல் ஹாரி க்ரோ பக் ஆரம்பிச்சது, அவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோட மேனேஜரா போனவர். அங்கேயும், மேலக்கோட்டையூர் உடற்கல்விப் பல்கலைக்கழகத்துலயும் படிச்சவங்களோட வாட்ஸ்அப் குரூப்கள்தான் உண்மையான எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். அதனால படிக்கும்போதே ஏதாவது ஒரு விளையாட்டுல அம்பயர் தேர்வு எழுதி பாஸ் பண்ணுங்க. ரெண்டு சீசன் அதிகாரியா நின்னா, பத்துப் பள்ளியோட பி.டி. சார்களுக்கு உங்க முகம் தெரிஞ்சிடும்.

இப்போ எடைபோடுறது. பேர் பலகையில என்ன போட்டிருக்குன்னு பார்க்காதீங்க. என்ட்ரி ஃபார்ம்ல யார் கையெழுத்து, அதை யார் அனுப்புறாங்கன்னு பாருங்க.

ஏன்னு சொல்றேன். 2023 ஜூன்ல தேசிய பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் அதுல கலந்துக்க முடியலை. பிள்ளைகள் ஓடத் தயாராத்தான் இருந்தாங்க. போட்டி பத்தின தகவல் உரிய நேரத்துக்குக் கீழே வந்து சேரலை, அவ்வளவுதான். பெரிய சர்ச்சையாச்சு, துறை நடவடிக்கை எடுத்தது, அமைச்சரும் வருத்தம் தெரிவிச்சார். ஆனா ஒரு பிளஸ் டூ பிள்ளைக்கு அந்த வருஷம் திரும்ப வராது. பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கு. அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அங்கெல்லாம் கேக்குறது எந்த அளவுல ஆடினாங்கங்கிற சான்றிதழைத்தான். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், தேசியம்னு ஒவ்வொரு படியிலயும் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதியை ஞாபகம் வச்சிருக்கிற ஆள் நீங்கதான். பிரின்சிபால் இல்லை, கரஸ்பாண்டன்ட் இல்லை.

அதனால அதிகாரம் இல்லாத பொறுப்பு இந்த வேலையில ரொம்ப ஆபத்து. கையெழுத்து உங்களோடது இல்லை, ஆனா தேதி தவறினா பேரன்ட்ஸ் உங்க முன்னாடிதான் வந்து நிற்பாங்க.

எனக்கே ஒரு ஆஃபர் வந்தது. ஆவடி – பூந்தமல்லி ரோட்டுல ஒரு பெரிய சிபிஎஸ்இ பள்ளி. பேர் வேண்டாம். பதவி ‘ஸ்போர்ட்ஸ் டைரக்டர்’, தனி அறை, 42,000 சம்பளம். அப்போ நான் வாங்கிட்டிருந்தது 28,000. வருஷத்துக்கு 1,68,000 வித்தியாசம். வாடகை வீட்டுல இருக்கிறவளுக்கு அது சாதாரணம் இல்லை. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: “போன வருஷ என்ட்ரி ஃபார்ம் ஃபைலைப் பார்க்கலாமா?” ரெண்டு விளையாட்டுக்கு மட்டும் ஜோனல் போயிருந்தாங்க. மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் பி.டி. பீரியடை ஒரு வெளி அகாடமி காண்ட்ராக்ட் எடுத்திருந்தது, கோச்சை மாத்துறதும் வைக்கிறதும் அவங்க கையில. பிள்ளைகளுக்கு ஆன் டியூட்டி கொடுக்கிறது அகாடமிக் கோஆர்டினேட்டர். அப்போ டைரக்டர் என்ன பண்ணுவார்? அகாடமி கோச்களுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கணும், ஆண்டு விழாவுக்கு மாஸ் டிரில் பண்ணணும். “மத்ததெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம் மேடம்”னாங்க. பேசிக்கலாம்ங்கிறது அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வராது. வேண்டாம்னுட்டேன். வீட்டுல ரெண்டு வாரம் யாரும் சரியாப் பேசலை.

அடுத்த கல்வியாண்டுல அம்பத்தூர் பக்கம் வேற பள்ளி, 36,000. அங்கே என்ட்ரி, ஆன் டியூட்டி சிலிப், டிபார்ட்மென்ட் பட்ஜெட் மூணும் என் மேஜையில. இப்போ அங்கேதான் இருக்கேன். கணக்குப் பார்த்தா மாசம் 6,000 குறைச்சல். அந்த 6,000த்துக்கு நான் என்ன வாங்கியிருக்கேன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் இப்படித்தான் முடிவெடுக்கணும்னு இல்லை. வீட்டுல கடன் கழுத்தை நெரிச்சா 42,000த்தைத் தேர்ந்தெடுக்கிறதுல எந்தத் தப்பும் இல்லை.

ஆன் டியூட்டி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? சிபிஎஸ்இ 2018–19லேயே 9 முதல் 12 வரை தினமும் ஒரு பீரியட் உடற்கல்விக்குன்னு சொல்லிடுச்சு. ஆனா பத்தாவது, பிளஸ் டூ டைம்டேபிள்ல அந்தப் பீரியட் எங்கே போகுதுன்னு உங்களுக்கே தெரியும். கணக்கு சார் கடன் வாங்குறார். உதயநிதி ஸ்டாலின் மேடையிலயே “கடன் வாங்காதீங்க”ன்னு கேட்டுக்கிற அளவுக்கு இது ஊரறிஞ்ச வியாதி. மறுபக்கம் மேல் அயனம்பாக்கத்தைப் பாருங்க, அம்பத்தூர்ல இருந்து எட்டிப் பார்க்கிற தூரம். 2024 டிசம்பர்ல 18 வயசுல உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷ் அங்கே வேலம்மாள் வித்யாலயாவுலதான் படிச்சார். நாலாவதுக்கு அப்புறம் முழு நேர வகுப்புக்கே போகலை. அப்படி ஒரு பிள்ளையை விடுறது பள்ளி நிர்வாகம் எடுக்கிற முடிவு, பி.டி. சார் தனியா எடுக்க முடியாது. அதனால இன்டர்வியூவுல பிரின்சிபால்கிட்டயே கேளுங்க: “பத்தாவது படிக்கிற பொண்ணு மாநிலப் போட்டிக்கு அஞ்சு நாள் போகணும், அதே வாரம் ரிவிஷன் டெஸ்ட். என்ன பண்ணுவீங்க?” பதிலை விட, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறாங்கன்னு கவனிங்க.

மைதானத்தை நடந்து அளங்க. வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், பாஸ்கெட்பால் 28க்கு 15. வேன் நிறுத்துற இடத்தைத்தான் பல பள்ளிகள் கிரவுண்டுன்னு காட்டும். சாயங்காலம் மூணரைக்கு வேன்கள் வரிசையா உள்ளே வந்ததும் உங்க பிராக்டீஸ் முடிஞ்சுது. சின்ன கிரவுண்டுன்னா வேண்டாம்னு அர்த்தம் இல்லை. கபடி, கோ-கோ, கேரம், செஸ் வச்சு நல்ல பேர் எடுத்த பள்ளிகள் உண்டு. அங்கே போய் ஃபுட்பால் டீம் உருவாக்கப் போறேன்னு கனவு காணாம இருந்தா சரி.

எந்த மாவட்ட மீட்டுக்குப் போறாங்கன்னும் கேளுங்க. அம்பத்தூர் தாலுகா 2018ல் சென்னை மாவட்டத்தோட சேர்ந்துடுச்சு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம்தான். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ரெண்டு பள்ளி வேற வேற மாவட்டத்துல மோதலாம். காலையில ஆறு மணிக்கு முப்பது பிள்ளைகளைக் கூட்டிட்டுத் திருவள்ளூர் போறதுக்கு ஸ்கூல் வேன் கொடுப்பாங்களா, இல்லை ஆவடி ஸ்டேஷன்ல லோக்கல் ட்ரெயின் பிடிக்கணுமாங்கிறது உங்க வாழ்க்கையை நேரடியாத் தொடுற கேள்வி.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியில நீங்க மட்டும்தான் பெண் பி.டி.ன்னா, எந்த விளையாட்டா இருந்தாலும் பொண்ணுங்க டீம் கூட நீங்கதான் போகணும். ஜூலையில இருந்து சீசன் முடியற வரை சனிக்கிழமைகள் போச்சு. அதுக்கு ஈடு விடுப்பு உண்டான்னு எழுத்துல வாங்கிக்கோங்க. இன்னொரு பெண் டீச்சரைத் துணைக்கு அனுப்புவாங்களான்னும் கேளுங்க.

காசு விஷயம் ரெண்டு. பி.எஃப். பிடிக்கிறாங்களா, முழு பேசிக்குக்கா, இல்லை 15,000 உச்சவரம்புக்கு மட்டும் 1,800ஆன்னு கேளுங்க. ரெண்டாவது கிராஜுவிட்டி. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு. 2009ல் சட்டத்தைத் திருத்தினாங்க, 2022ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செஞ்சுது. “டீச்சர்ஸுக்கு அதெல்லாம் கிடையாது”ன்னு இன்னைக்கும் சொல்ற ஆபீஸ் இருக்கு. அப்புறம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்க, கொடுத்துட்டு வராதீங்க. டிஆர்பி சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிடுற அன்னைக்கு அது உங்க கையில இருக்கணும்.

தேடுறதுக்கு நேரம் பிப்ரவரி கடைசியில இருந்து மே வரை. ஆனா போட்டிகள் தொடங்குற ஜூலை, ஆகஸ்ட்ல திடீர்னு ஆள் தேடுற பள்ளிகளும் உண்டு. அப்படிக் கூப்பிட்டா, முன்னாடி இருந்தவர் சீசன் நடுவுல ஏன் போனார்னு அவர்கிட்டயே போன் போட்டுக் கேளுங்க. நம்பர் கிடைக்கிறது கஷ்டம் இல்லை, அடுத்த ஜோனல் மீட்டுக்குப் போனா ஏதாவது ஒரு அம்பயர்கிட்ட இருக்கும்.