விடுமுறைக்குப் போன பிள்ளை எதை நினைவில் வைத்திருக்கிறது?

கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் மக்தபுக்குத் திரும்பும் முதல் நாளில் நாம் பாடம் எடுப்பதில்லை. எங்கே போனீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேட்போம். சென்ற ஆண்டு கொடைக்கானல் போய் வந்த ஏழு வயதுச் சிறுவன் தூண் பாறையையும் சொல்லவில்லை, ஏரியையும் சொல்லவில்லை. "ரூமுக்குப் பின்னாடி புல்லுல அத்தா குதிரை ஆனாங்க ஹஜ்ரத்" என்றான். அவனைவிட வசதியான ரிசார்ட்டில் தங்கிவிட்டு வந்த ஒரு சிறுமி, "பெரிய விளையாட்டு ரூம் இருந்துச்சு, உம்மாவும் அத்தாவும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விளையாட்டு அறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1936இல் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் பில்லி பட்லின் என்பவர் சாதாரணக் குடும்பங்களுக்கான விடுமுறை முகாமைத் தொடங்கினார். 1950இல் ஸ்பெயினின் மயோர்கா தீவில் தொடங்கிய கிளப் மெட் நிறுவனம், 1967இல் 'மினி கிளப்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிள்ளைகளைப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள், பெரியவர்கள் ஓய்வெடுக்கலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று நம் பக்கத்து ரிசார்ட்டுகளிலும் 'கிட்ஸ் கிளப்' என்ற பெயரில் இருப்பது அதன் வழிவந்ததே.

இதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆண்டு முழுவதும் அடுப்படியில் நின்ற தாய்க்கு இரண்டு மணி நேர ஓய்வு கிடைப்பது நல்ல விஷயம்தான். பிள்ளைக்கும் புது நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் இரண்டு மணி நேரம் முழு நாளாகிவிடுகிறது. அங்கே நடப்பதும் பெரும்பாலும் வண்ணம் தீட்டும் போட்டி, மேஜிக் ஷோ, பரிசு என்று பெரியவர்கள் வகுத்த நிகழ்ச்சிதான். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாக்கியது. அதற்கு 2013இல் ஐ.நா. குழு அளித்த விளக்கத்தின்படி, பிள்ளை தானே தொடங்கி, தானே நடத்துவதுதான் விளையாட்டு. ஈர மண்ணில் குழி தோண்டிக் கொண்டிருக்கும் பிள்ளையை "டிரஸ் அழுக்காகுது, வா" என்று மேஜிக் ஷோவுக்கு இழுத்துப் போகும்போது நாம் விளையாட்டை நிறுத்தித்தான் வேடிக்கை காட்டுகிறோம்.

ஊர் சுற்றுவதிலும் இதே அவசரம்தான். ஒரே நாளில் எட்டு 'வியூ பாயிண்ட்'. ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம், நான்கு போட்டோ, "சீக்கிரம் வண்டியில ஏறு". டிரைவருக்கு நேரம் கணக்கு, நமக்குப் பணம் கணக்கு. பிள்ளைக்கு அந்த இடத்தில் கிடந்த பைன் காய்தான் கணக்கு. அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டதும், பிள்ளையின் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவை நீட்டியதும் நஸாயீயில் பதிவாகியுள்ளது. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை இளவயது ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்தபோது, அவர்களுக்கே போதும் என்று ஆகும்வரை நபியவர்கள் நின்றதை புகாரியில் காணலாம். இரண்டு இடத்திலும் நேரத்தைத் தீர்மானித்தது வேடிக்கை பார்த்தவரும் விளையாடியவரும்தான். தோழர்களுக்குத் தொழவைத்துக் கொண்டிருந்தவரே காத்திருந்தார்கள் என்றால், சுற்றுலாவில் நமக்கு அப்படி என்ன அவசரம்?

நீச்சல் குளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் உம்மா துண்டும் பையுமாகக் கரையில் இருப்பார், அத்தா நாற்காலியில் செல்போனோடு இருப்பார், பிள்ளைகள் மட்டும் தண்ணீரில். மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதுபோல் கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்விடுவதால் குரல் எழும்பாது, சத்தமில்லாமல் சில நொடிகளில் எல்லாம் நடந்துவிடும். காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள்தான், அது கவிழும். ஒரு முனையில் 3 அடி ஆழம் என்று எழுதியிருக்கும் குளம் மறுமுனையில் 5 அடியாக இருக்கலாம். 'உயிர்காப்பாளர் இல்லை' என்ற பலகையும் பல இடங்களில் மாட்டியிருக்கும். ஆகவே நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருந்தால், கை எட்டும் தூரத்தில் அத்தாவும் தண்ணீரில் இருக்க வேண்டும். அவுரத் மறையும் உடை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும். பிள்ளைக்கு அதுதான் பெரிய விளையாட்டும்கூட.

உம்மாவும் இறங்க ஆசைப்படலாம். பல விடுதிகளில் நைலான் நீச்சல் உடை இல்லாமல் குளத்தில் விடமாட்டார்கள். உடல் மறைக்கும் முழு நீச்சல் உடைக்கு அனுமதி உண்டா, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, கிட்ஸ் கிளப்பில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள், அங்கே பெற்றோரும் உட்காரலாமா, ஓடி விளையாடப் புல்வெளி இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.