சக்கரக் கப்பலும் கொச்சிக் காயலும்

சொந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர்களுக்குக் கப்பற் பிரயாணம் புதிதன்று. பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் நம் முன்னோர் சென்றது கப்பலில்தான். மேற்குக் கரையில் கொச்சியை அடுத்த மட்டாஞ்சேரியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வணிகத்தின் பொருட்டு வந்தோர் உண்டு. டச்சுக்காரர் காலத்தில் தம் முன்னோர் அழைத்து வரப்பட்டதாகக் கூறும் சலவைத் தொழிலாளர் குடும்பங்களும் கோட்டைக் கொச்சியில் உண்டு. இவர்கள் யாவருக்கும் காயல் நீரே நெடுங்காலம் சாலையாக இருந்தது. அந்த நீர்ச்சாலையில் நீராவி யந்திரம் எவ்வாறு வந்தது, பிரிட்டனில் புகழ்பெற்ற துடுப்புச் சக்கரக் கப்பல்கள் உலகுக்கு எதைக் கற்பித்தன, அப்பாடம் இன்று நமக்கு ஏன் வேண்டும் என்பவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில் துடுப்புச் சக்கரம் என்பது யாது என அறிந்துகொள்ள வேண்டும். ஆற்றுநீர் தள்ளுவதால் ஆலையின் சக்கரம் சுழல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதனைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். நீராவி யந்திரம் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரத்தின் பலகைகள் நீரைப் பின்னே தள்ளுகின்றன. கப்பல் முன்னே நகர்கிறது. இத்தகைய சக்கரங்கள் கப்பலின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கும். சில கப்பல்களில் பின்புறத்தில் ஒரே சக்கரம் இருக்கும்.

1812-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹென்றி பெல் என்பவர் கிளைடு நதியில் ‘காமெட்’ என்னும் நீராவிப் படகை ஓட்டினார். பிரிட்டனில் மக்களை ஏற்றிச் சென்று வருவாய் ஈட்டிய முதல் நீராவிப் படகு அதுவே. சில ஆண்டுகளில் லண்டன் நகர மக்கள் தேம்ஸ் நதி வழியாக மார்கேட் முதலிய கடற்கரை ஊர்களுக்கு நீராவிக் கப்பலில் செல்லத் தொடங்கினர். அதற்கு முன் நீர்வழிப் பயணம் காற்றின் தயவை நாடியே நடந்தது. புறப்படும் நேரம் தெரியும், போய்ச்சேரும் நேரம் தெரியாது. நீராவி வந்தபின் காலையில் புறப்பட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்ற உறுதி பிறந்தது. உல்லாசப் பிரயாணம் என்பது செல்வர்க்கு மட்டும் உரியதாக இல்லாமல், ஆலைத் தொழிலாளிக்கும் கடைச் சிப்பந்திக்கும் எட்டக்கூடிய இன்பமாயிற்று.

இந்தியாவுக்கும் இக்கப்பல்கள் விரைவிலேயே வந்தன. 1823-இல் கல்கத்தாவில் ‘டயானா’ என்ற சக்கரக் கப்பல் மிதக்கவிடப்பட்டது. அது பின்னர் முதல் பர்மியப் போரில் ஈடுபடுத்தப்பட்டது. பம்பாயில் கட்டப்பட்ட ‘ஹியூ லிண்ட்ஸே’ என்ற கப்பல் 1830 மார்ச்சு 20-ஆம் நாள் புறப்பட்டு, ஏப்ரல் 22-ஆம் நாள் சூயஸை அடைந்தது. பிரயாணம் 33 நாள். அதிற் பல நாட்கள் வழியில் நிலக்கரி ஏற்றுவதிலேயே கழிந்தன. பின்னாளில் பர்மாவின் ஐராவதி நதியில் ஓடிய சக்கரக் கப்பல்களைத் தமிழர் பலர் அறிந்திருந்தனர். ஐராவதிக் கப்பற் கம்பெனி 1865-இல் தோன்றி, அறுநூறுக்கு மேற்பட்ட கலங்களைக் கொண்ட பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படைகள் நெருங்கியபோது, அக்கலங்கள் பகைவர் கையில் சிக்காதிருக்கும்பொருட்டு அவற்றின் பெரும்பகுதியைக் கம்பெனியாரே நதியில் மூழ்கடித்தனர்.

துடுப்புச் சக்கரத்தின் சிறப்புகள் இரண்டு. ஆழமற்ற நீரிலும் அது செல்லும். துறைக்குத் துறை நின்று புறப்படும் பயணத்துக்கு ஏற்றவாறு விரைவில் நிற்கவும் பின்வாங்கவும் வல்லது. ஆகவே நதிகளுக்கும் கடற்கரைத் துறைகளுக்கும் அது மிகவும் பொருந்திற்று. ஆனால் பெருங்கடலில் அதன் குறைகள் வெளிப்பட்டன. அலையில் கப்பல் சாயும்போது ஒரு பக்கச் சக்கரம் நீரில் ஆழ்ந்து திணறும். மறுபக்கச் சக்கரம் காற்றில் வீணே சுழலும். நிலக்கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் மேலெழும்ப, சக்கரம் நீரைப் பற்றும் அளவும் மாறும். 1845-இல் பிரிட்டிஷ் கடற்படையார் ஒரு சோதனை நடத்தினர். திருகு விசிறி கொண்ட ‘ராட்லர்’ என்ற கப்பலையும், துடுப்புச் சக்கரம் கொண்ட ‘அலெக்டோ’ என்ற கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிர்த் திசையில் இழுக்கச் செய்தனர். ராட்லர் வென்றது, அலெக்டோ பின்னோக்கி இழுத்துச் செல்லப்பட்டது. அதன்பின் பெருங்கடல் திருகு விசிறிக்குரியதாயிற்று. சக்கரக் கப்பலுக்கு நதியும் உல்லாசப் பிரயாணமும் எஞ்சின.

இனிக் கொச்சிக்கு வருவோம். 1341-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தால் காயலின் முகத்துவாரம் திறந்து கொச்சித் துறைமுகம் உருவாயிற்று என்பது மரபு. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவின் பண்டகசாலைகளுக்கு முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். மிளகும் சுக்கும் ஏலமும் பின்வாசல் வழியே வள்ளத்தில் இறங்கும். ஆனால் பெரிய நீராவிக் கப்பல்கள் உள்ளே வர இயலவில்லை. முகத்துவாரத்தின் குறுக்கே கெட்டிப்பட்ட மணல்திட்டு தடையாய்க் கிடந்தது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கும் மக்களும் வள்ளங்களில் அலைகளின்மீது சென்று ஏறவேண்டியிருந்தது. பருவமழைக் காலத்தில் அது எத்துணை இடர் நிறைந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் இத்தடையை நீக்கும் பணியை மேற்கொண்டார். மணல்திட்டை அகழ்ந்து கால்வாய் அமைக்கப்பட்டது. அகழ்ந்த மண்ணைக் காயலின் நடுவே கொட்டியதால் ஒரு தீவு எழுந்தது. சென்னை மாகாணக் கவர்னராக இருந்த வில்லிங்டனின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1928-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் பம்பாயிலிருந்து வந்த ‘பத்மா’ என்ற நீராவிக் கப்பல் புதிய கால்வாய் வழியே உள்ளே நுழைந்தது. அன்று முதல் மழைக்காலத்திலும் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கும் துறைமுகமாகக் கொச்சி விளங்கலாயிற்று.

துறைமுகம் பெரிய கப்பல்களுக்கு, காயலோ மக்களுக்கு. கொல்லம், ஆலப்புழை, கொச்சி ஆகிய ஊர்களை இணைக்கும் நீர்வழியில் பலவிடங்களில் கால்வாய் ஒடுங்கியது. அகன்ற பக்கச் சக்கரங்களுக்கு அங்கே இடமில்லை. ஆதலின் இங்கே நிலைபெற்ற பயணப் படகுகள் திருகு விசிறி பூட்டியவையே. ஆயினும் பழைய நீராவிக் கப்பலின் நடைமுறை அவற்றிலும் தங்கியது. அரசுப் படகுகளில் மேலே நின்று சுக்கானைப் பிடிக்கும் ஸ்ராங்கு கயிற்றை இழுத்து மணியடிப்பார். கீழே யந்திரத்தருகே இருப்பவர் அந்த மணியின் குறிப்பறிந்து வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். 1968-இல் கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறை அமைந்தது. 2023 ஏப்ரலில் மின்கலத்தால் ஓடும் நீர் மெட்ரோ படகுகள் கொச்சியில் ஓடத் தொடங்கின. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான அப்படகு நூறு பேரை ஏற்றிச் செல்லும். 2025-இல் மட்டாஞ்சேரியிலும் அதற்கு நிலையம் திறக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் துயரமான ஏடுகளும் உண்டு. 1878 செப்டம்பர் 3-ஆம் நாள், உல்லாசப் பிரயாணம் முடித்துத் திரும்பிய மக்கள் நெருக்கியடித்து நின்ற ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற சக்கரக் கப்பல் தேம்ஸ் நதியில் மற்றொரு கப்பலுடன் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. அறுநூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். 1924 ஜனவரி 16-ஆம் நாள் இரவு, கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குச் சென்ற ‘ரிடீமர்’ என்ற படகு பல்லனையாற்றில் கவிழ்ந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் மறைந்தார். அப்படகில் அளவுக்கு மீறிய கூட்டம் இருந்தது. காலம் மாறியும் துன்பம் மாறவில்லை. 2009-இல் தேக்கடி ஏரியில் இரண்டடுக்கு உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேரும், 2015-இல் கோட்டைக் கொச்சித் துறையருகே பயணப் படகின்மீது மீன்பிடிப் படகு மோதி 11 பேரும், 2023-இல் தானூரில் 22 பேரும் மாண்டனர்.

படகு ஏன் கவிழ்கிறது? தலையில் சுமை ஏந்தியவர் எளிதில் தடுமாறுவார். அதே சுமையை இடுப்பருகே தாழ்த்திக்கொண்டால் நிலையாக நடப்பார். படகுக்கும் இந்நியாயமே பொருந்தும். மக்கள் மேல்தளத்தில் திரளத் திரளப் பாரத்தின் மையம் உயர்கிறது. அந்நிலையில் ஏதோ ஒரு காட்சியைக் காண எல்லோரும் ஒரு பக்கமாக ஓடினால் படகு அப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த படகைத் தாங்கி நிமிர்த்தும் நீரின் ஆற்றலை அவ்வுயர்ந்த பாரம் வென்றுவிட்டால், படகு மீளாது. பழைய பிரிட்டிஷ் உல்லாசக் கப்பல்களின் மாலுமிகள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். துறை நெருங்கும்போது மக்கள் ஒரு பக்கம் கூடினால் கப்பல் சாயும். சக்கரங்களின் இழுப்பு ஏறுமாறாகும். ஆகவே பாரத்தை மறுபக்கம் மாற்றிக் கப்பலைச் சமன்செய்வர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. கலத்தைப் பரிசோதித்துச் சான்று வழங்குதல், உயிர்காக்கும் சாதனங்கள் ஆகியவற்றை அது வற்புறுத்துகிறது. ஆனால் துறையில் கூட்டம் நெருக்கும் வேளையில் சட்டத்தை நிறைவேற்றுவோர் ஸ்ராங்கும் பிரயாணிகளுமே ஆவர்.

கிளைடு நதியில் சக்கரக் கப்பற்கலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1946-இல் மிதக்கவிடப்பட்ட ‘வேவர்லி’ என்ற கப்பலை, 1974-இல் ஆர்வலர் சங்கம் ஒன்று ஒரே ஒரு பவுனுக்குப் பெற்றுக்கொண்டு, மறு ஆண்டே மீண்டும் ஓடச் செய்தது. கடலில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் சக்கரக் கப்பல்களில் உலகில் எஞ்சியது அதுவே.

விடுமுறை நாட்களில் ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களைக் காயலுக்கு அழைத்துச் செல்வது கொச்சித் தமிழர் வழக்கம். அழைத்துச் செல்லுங்கள், காணத்தக்க காட்சியே அது. ஆனால் ஏறுமுன் எத்தனை பேருக்கு அனுமதி என எழுதியிருக்கும் பலகையைப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டை கொடுத்தால் குழந்தைகளுக்கு முதலில் அணிவியுங்கள். கூட்டம் மிகுந்திருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். படகு சாயும்போது எழுந்து ஓடாமல் அமர்ந்திருங்கள். அடுத்த படகு அரைமணி நேரத்தில் வந்துவிடும். அவ்வளவு பொறுமை காட்ட நேரமில்லை என்று கருதிய பயணங்கள் சில, மேலே சொன்ன துயர ஏடுகளில் முடிந்திருக்கின்றன.