எஞ்சினைத் தாங்கும் நான்கு போல்ட்டுகள்

மாதிரி விமானம் என்றதும் ரப்பர் நாடாவை முறுக்கிப் பறக்கவிடும் விளையாட்டுப் பொருளே பலருக்கு நினைவுக்கு வரும். இன்று கல்லூரி மாணவர்கள் செய்யும் பெரிய மாதிரிகள் அத்தகையன அல்ல. சிறகின் நீளம் 2 மீட்டருக்கு மேல். மூக்கில் 55 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின், அதன் விசிறி நிமிடத்திற்கு 6,600 முறை சுழலும். பறக்கும்போது அந்த எஞ்சின் கழன்றால் விமானம் வால் கனத்து அடங்காமல் புரண்டு விழும். கழன்ற எஞ்சின் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அதைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நான்கே போல்ட்டுகள். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை, இலக்கியம் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கும்படி கூற முயல்கிறேன்.

முதலில் எளிய கணக்கு ஒன்று. இத்தகைய எஞ்சின் விமானத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 13 கிலோ. 5 மி.மீ. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால், சதுர மி.மீட்டருக்கு 800 நியூட்டன் விசையில் அது அறும் என்றும், அதில் 80 விழுக்காட்டிலேயே மீளாமல் நீளத் தொடங்கும் என்றும் பொருள். மரையின் பள்ளத்தைக் கழித்தால் போல்ட்டின் பரப்பு 14.2 சதுர மி.மீ. ஆகவே அதனை அறுக்க 1,150 கிலோ வேண்டும். அப்படியாயின் ஒரு போல்ட்டே போதாதா?

போதாது. இங்கே பகைவன் இழுவிசை அல்ல, அதிர்வு. 80 கிராம் எடையுள்ள பிஸ்டன் 35 மி.மீ. தூரம் மேலும் கீழும் ஓடித் திரும்பும்போது, ஒவ்வொரு முனையிலும் 70 கிலோவை நெருங்கும் விசை பிறக்கிறது. அதில் பாதியை எதிர் எடை ஈடுசெய்தாலும், மீதி இழுவிசையைவிட இருமடங்குக்கு மேல். பத்து நிமிடப் பறப்பில் 66,000 சுழற்சிகள். 150 பறப்புகளில் ஏறக்குறைய ஒரு கோடி!

போல்ட்டை இறுக்கும்போது அது மயிரிழை அளவு நீளுகிறது. மீண்டும் சுருங்க முயன்று எஞ்சினையும் பலகையையும் அணைத்துப் பிடிக்கிறது. அந்த அணைப்பு உறுதியாக உள்ளவரை அதிர்வின் சிறு பங்கே போல்ட்டைச் சேரும். அணைப்புத் தளர்ந்தாலோ ஒவ்வோர் அதிர்வும் முழுமையாக வந்து தாக்கும். கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் ஒடிவது போல, போல்ட்டும் ஒரு நாள் ஒடிந்துவிடும்.

ஆதலால் நாம் கேட்க வேண்டிய கேள்வி, எவ்வளவு அணைப்பைத் தர இயலும் என்பதே. இதற்கு விடை கூறுவது போல்ட்டு அன்று. அது அணைக்கும் மரம். எஞ்சின் பொருந்துவது ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில். நல்ல ஒட்டுப்பலகையும் சதுர மி.மீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவுக்கு மேல் நசுங்கத் தொடங்கும். போல்ட்டுடன் வரும் 10 மி.மீ. வாஷரின் அடிப்பரப்பு 57 சதுர மி.மீ. மட்டுமே. எனவே 57 கிலோ அணைப்புக்கு மேல் பலகை பொறுக்காது. 25 மி.மீ. அகலமும் 2 மி.மீ. தடிப்பும் உள்ள வாஷரை வைத்தால் 470 கிலோ வரை தாங்கும். பத்துக் காசுப் பொருள் எட்டு மடங்கு பலன் தருகிறது.

இப்போது தேர்வு எளிது. கடையில் கிடைக்கும் 4.6 ரகம் 340 கிலோவிலேயே நீண்டுவிடும். பலகையின் வலிமை வீணாகும். 8.8 ரகம் 840 கிலோ வரை நம்பத்தக்கது, இதுவே போதும். விலை மிகுந்த 12.9 ரகத்தின் கூடுதல் வலிமையைப் பலகை பயன்படுத்த விடாது. கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்காத ஏ4-70 எஃகும் ஏற்றதே. அகன்ற வாஷருடன் 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவானது, 15 செ.மீ. ஸ்பானரின் முனையில் இரண்டே முக்கால் கிலோ அழுத்தினால் அது கிடைக்கும்.

தளர்ச்சி எத்துணைக் கொடியது என்பதற்கு மனிதர் ஏறிய விமானங்களே சான்று. லாக்ஹீட் எலெக்ட்ரா விமானங்கள் இரண்டு, 1959 செப்டம்பரில் டெக்சாசிலும் 1960 மார்ச்சில் இண்டியானாவிலும் வானிலேயே சிதைந்தன. மாண்டவர் 97 பேர். எஞ்சின் பொருத்தின் விறைப்புக் குறைந்ததால் விசிறி தள்ளாடி, அந்த ஆட்டம் சிறகைப் பற்றிக்கொண்டது என்று ஆராய்ச்சியில் கண்டனர்.

பக்கவாட்டு அதிர்வில் நட்டு தானே கழலும் என்பதை 1969-ல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் கருவி அமைத்துக் காட்டினார். ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பலாகாது. 1953-ல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கிய வகைப் பசை, காற்றுப்படாத உலோக மரைக்குள் இறுகிக் கெட்டியாகும். அதையே இன்று லாக்டைட் என்கிறோம். எஞ்சினின் சூட்டுக்கு அப்பால் நைலான் பதித்த நட்டும் உதவும்.

இறுதியாக ஒன்று. நெய்யாற்றின்கரையை அடுத்த எங்கள் அதியன்னூர்ப் பக்கம் இடவப்பாதி மழையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்ளும்; கோடையில் இலகுவாக மூடும். விமானத்தின் பலகையும் மரம்தானே! மழையில் பருத்து, வெயிலில் சுருங்கும்போது அணைப்பும் குறையும். எனவே முதல் பறப்புக்குப் பின்னும், பருவம் மாறும்போதும் போல்ட்டுகளைச் சோதியுங்கள். பசை போட்ட நட்டு தளர்ந்திருந்தால் கழற்றித் துடைத்துப் புதுப் பசையிட்டு இறுக்குங்கள். நட்டின் மீதும் வாஷரின் மீதும் சேர்த்துச் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். நட்டு திரும்பினால் கோடு விலகிக் காட்டும். பறப்பதற்கு முன் அந்த நான்கு கோடுகளையும் பார்க்க அரை நிமிடம் போதும். திடலில் நம் விமானத்தை அண்ணாந்து பார்க்கும் சிறுவர்களுக்காக அந்த அரை நிமிடத்தைச் செலவிடுவோம்.