ஆலையின் கதவைப் பூட்டினால் போதுமா?

ஆலைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் மோட்பஸ் நெறிமுறையில், ஒரு பம்பை ஓடச் சொல்லும் கட்டளைக்கு எட்டு பைட் போதும். எந்தக் கருவிக்கு என்பதற்கு ஒன்று, என்ன வேலை என்பதற்கு ஒன்று, எந்த முகவரியில் என்பதற்கு இரண்டு, என்ன மதிப்பு என்பதற்கு இரண்டு, வழியில் ஏதும் பிசகியதா என்று சரிபார்க்க இரண்டு. கட்டளையிடுவது யார், அதற்கு அவருக்கு உரிமை உண்டா என்று குறிக்க அதில் இடமே கிடையாது. 1979-ல் மோடிகான் நிறுவனம் மோட்பஸை உருவாக்கியபோது அது குறையாகத் தெரியவில்லை. ஆணையிடும் கருவியும் அதை நிறைவேற்றும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினியும் ஒரே ஆலைக்குள் ஒரே கம்பியில் இருந்தன. அந்தக் கம்பியைத் தொட வேண்டுமானால் வாசல் காவலரைத் தாண்டித்தான் வர வேண்டும். மோட்பஸ் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து வாசல் இப்போது இல்லை. தொழிற்சாலைகளின் இணையப் பாதுகாப்பு வளர்ந்ததைப் பூட்டுகள் பெருகிய வரலாறாகச் சொல்வது வழக்கம். நடந்த தாக்குதல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது: பூட்டு உடைந்த பிறகு ஆலையைக் காப்பாற்றியவை பெரும்பாலும் பழைய, கணினி சாராத ஏற்பாடுகளே. அவற்றைத்தான் நாம் செலவு மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வருகிறோம்.

'நம் கம்பி தனி, அதற்குள் யாரும் வர முடியாது' என்ற நம்பிக்கை ஆட்டம் கண்ட இடங்களில் ஒன்று ஆஸ்திரேலியா. 2000-ம் ஆண்டு, குயின்ஸ்லாந்தின் மரூச்சி வட்டாரத்தில் கழிவுநீர் பம்புகள் ரேடியோ மூலம் இயக்கப்பட்டன. அவற்றை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்திலிருந்து விலகிய ஒருவர், காரில் மடிக்கணினியும் ரேடியோ கருவியும் வைத்துக்கொண்டு அந்த நிலையங்களுக்குப் பொய்க் கட்டளைகள் அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் பாய்ந்தது. பொறியாளர்கள் முதலில் அதைக் கருவிக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார்கள். 2003 ஜனவரியில் அமெரிக்காவின் ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்துக்குள் ஸ்லாமர் என்ற கணினிப் புழு நுழைந்தது. அங்கே ஃபயர்வால் இருந்தது; ஆனால் ஒப்பந்தக்காரர் ஒருவரின் வலையமைப்பிலிருந்து வந்த இணைப்பு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருந்தது. பாதுகாப்பு அளவுகளைக் காட்டும் திரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் முடங்கியது. உலை அப்போது ஓடாமல் இருந்தது அதிர்ஷ்டம். 2010-ல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் இணையத் தொடர்பற்ற நதான்ஸ் அணு மையத்தைக்கூட விடவில்லை. பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடிய அந்த நிரல், யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளைக் கெடுத்துக்கொண்டே, எல்லாம் சரியாக ஓடுவதாகப் பழைய பதிவுகளைக் காட்டியது.

உள்ளே வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைன் பார்த்தது. மின்விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டரின் கண்ணெதிரே மவுஸ் அம்பு தானாக நகர்ந்து, ஒரு துணை மின்நிலையத்தின் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. தாக்கியவர்கள் அவரைக் கணினியிலிருந்து வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். மூன்று நிறுவனங்களில் சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. தொலைவிலிருந்து மீண்டும் இயக்க முடியாதபடி, துணை மின்நிலையங்களின் தொடர்புக் கருவிகளுடைய உள்நிரலையும் அழித்திருந்தார்கள். ஆனாலும் ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வண்டியெடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்குப் போய் பிரேக்கர்களைக் கையால் மூடினார்கள். கையால் இயக்கும் வசதி அங்கே இன்னும் இருந்தது, இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். 2017-ல் சவுதி அரேபியாவின் பெட்ரோகெமிக்கல் ஆலையொன்றில் நடந்தது இதன் மறுபக்கம். அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் ஆலையை நிறுத்தும் டிரைகோனெக்ஸ் பாதுகாப்புக் கருவிக்குள்ளேயே தீநிரல் புகுந்தது. அந்தக் கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. அது 'ரன்' நிலையில் இருந்தால் நிரலை மாற்ற முடியாது. யாரோ அதை 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். தாக்கியவர்களின் நிரலில் பிழை இருந்து ஆலை தானாக நின்றதால்தான் விஷயமே வெளியே தெரிந்தது.

இணையத்தை முழுக்கத் துண்டித்துவிட்டால் இத்தனை பாடு ஏன் என்று கேட்கலாம். பிரித்து வைப்பதில் பலன் உண்டு, மறுப்பதற்கில்லை. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானதாகச் செய்தி பரவியபோது, கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து இயங்குவதால் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையம் அறிவித்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை உறுதிசெய்தது. உலைப் பக்கம் பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. பிரிவு அங்கே பயன் தந்தது. ஆனால் 'வாய்ப்பே இல்லை' என்பது நதான்ஸுக்குப் பிறகு எந்த ஆலையும் சொல்லக்கூடாத வாக்கியம். தவிர, பிரிவினால் மட்டும் வேலை நடந்துவிடாது. 2021 மே மாதம் அமெரிக்காவில் எரிபொருள் கொண்டுசெல்லும் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தில் ரான்சம்வேர் தாக்கியது அலுவலகக் கணினிகளைத்தான். நிறுவனமே முன்னெச்சரிக்கையாகக் குழாய்களை நிறுத்தியது. பல நாள் கிழக்குக் கடற்கரை மாநிலங்களின் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது.

அலுவலகக் கணினிக்குச் செய்வதையெல்லாம் ஆலைக்கும் செய்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. அப்டேட் போட அலுவலகக் கணினியை அணைத்து எழுப்பலாம். இரவும் பகலும் ஓடும் உலையை அப்படி எழுப்ப முடியாது. அடுத்த பராமரிப்பு நிறுத்தம் வரை, சில நேரம் ஆண்டுக்கணக்கில், தெரிந்த ஓட்டையோடேயே ஓட்டியாக வேண்டும். அபாய மணி அடிக்கும் நேரத்தில் தவறான பாஸ்வேர்டுக்காக ஆபரேட்டரை வெளியே நிறுத்துவதும் விபத்தில் முடியலாம். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: இன்றைய சுத்திகரிப்பு ஆலையைக் கையால் ஓட்ட முடியாது, ஆகவே பழைய வழி என்பது வெறும் ஏக்கம். உண்மைதான், ஓட்ட முடியாது. ஆனால் பத்திரமாக நிறுத்த முடியும். அழுத்தம் மிஞ்சினால் ஸ்பிரிங்கின் விசையை மீறித் தானாகத் திறக்கும் வால்வை எந்த ஹேக்கரும் இணையம் வழியாகத் தொட முடியாது. கேட்பது முழு ஆலையையும் பின்னோக்கி இழுப்பதை அல்ல. கணினி பொய் சொன்னாலும் பேரழிவைத் தடுக்கும் சில கருவிகளை நிரலின் கைக்கு எட்டாமல் வைப்பதை.

ஆலைகளின் இணையப் பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 62443 போன்ற சர்வதேசத் தரங்கள் வந்துவிட்டன. இந்தியாவிலும் மத்திய மின்சார ஆணையம் 2021-ல் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. இவை தேவை. ஆனால் தணிக்கைக்கு வருபவர் ஃபயர்வால் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுப் போய்விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். திரைகளை அணைத்துவிட்டு இந்த ஷிப்ட் கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தது, பிரேக்கரைக் கையால் மூடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார்கள் என்றும் அவர் கேட்க வேண்டும். ஆட்குறைப்பு என்ற பெயரில் அந்த அனுபவத்தை வெளியே அனுப்பும் நிர்வாகம், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருள் வாங்கினாலும் தன் பாதுகாப்பைக் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறது.