மோட்டார் எந்தக் கியரில் ஓடுகிறது? எண் காட்டும் கருவியைப் பொருத்தும் முறை

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவைத் தாண்டி இறங்கும் ஒருவர், ஐந்தாவது கியரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பெடலை இரண்டு முறை மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வண்டி நான்காவதில் இருந்தது. மூன்றாவது விழும் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில் இரண்டாவது விழுகிறது. கிளட்சை விட்டதும் இயந்திரம் அலறுகிறது. பின் சக்கரம் ஒரு கணம் இறுகுகிறது. சாலை ஈரமாக இருந்தால் அந்த ஒரு கணமே ஆளைக் கீழே தள்ளப் போதும்.

இந்தக் குழப்பம் நம் நாட்டுச் சாலைகளுக்குப் புதிதல்ல. சுழல்முறைக் கியர் கொண்ட பழைய கப்சாய்களில், நான்காவதில் ஓடும்போது தெரியாமல் மேலும் மிதித்தால் நியூட்ரல் வரும். அதற்கும் அடுத்தது முதல் கியர். பின்னாளில் வந்த பல வண்டிகளில், நின்ற பிறகே அப்படிச் சுழலும்படி செய்துவிட்டார்கள். பெரிய மோட்டார்களில் வேறு விதமான குறை. 2008ஆம் ஆண்டு வெளிவந்த கவாசாகி நிஞ்சா 250ஆர் ஆறு கியர் கொண்டது. ஆனால் மீட்டரில் நியூட்ரல் விளக்கு மட்டுமே உண்டு, கியர் எண் கிடையாது. ஏழாவது கியரைத் தேடிக் காலால் தட்டிப் பார்க்காதவர் அந்த வண்டியை ஓட்டியவர்களில் அபூர்வம்!

ஆகவேதான் பலர் எண் காட்டும் கருவியைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். சில வண்டிகளில் கியர்ப்பெட்டியிலேயே சென்சார் உண்டு. ஒவ்வொரு கியருக்கும் அது ஒரு மின்னழுத்தத்தைத் தரும். சுசுகியின் பல பெரிய வண்டிகள் இந்த வகை. அவற்றில் வேலை சுலபம். அந்தச் சென்சார் இல்லாத வண்டிகளில் கருவி கியரைப் பார்ப்பதே இல்லை. கணக்குப் போட்டு ஊகிக்கிறது. வாங்குகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

கணக்கு எளிது. ஒரு கியரில் இயந்திரம் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும்போது வேகம் 40 கிலோமீட்டர் என்றால், அதே கியரில் 8,000 சுற்றுக்கு 80 கிலோமீட்டர். சுற்றை வேகத்தால் வகுத்தால் இரண்டிலும் 100தான். அடுத்த கியரில் 4,000 சுற்றுக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் விடை 80. இப்படி ஒவ்வொரு கியருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்களைக் கருவிக்கு ஒரு முறை கற்பித்துவிட்டால் போதும்.

பொருத்தும்போது பொதுவாக ஐந்து ஒயர்கள்: மின்சாரம், எர்த், வேகச் சமிக்ஞை, இயந்திரச் சுற்றுச் சமிக்ஞை, நியூட்ரல் விளக்கு. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரத்தைச் சாவிக்குப் பின்னால் வரும் ஒயரிலிருந்து எடுக்க வேண்டும். நேராகப் பேட்டரியில் கொடுத்தால் நிறுத்தி வைத்த வண்டியிலும் கருவி மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சுற்றுச் சமிக்ஞையை இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரிலோ, சுற்றுமானிக்குப் போகும் ஒயரிலோ எடுக்கலாம். பிளக்குக்குப் போகும் தடித்த கேபிளைத் தொடவே கூடாது. அதில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட். ஒயரின் நிறத்தை மட்டும் நம்பாமல், வண்டியின் மின்சுற்றுப் படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரால் சோதித்த பிறகே கை வைப்பது நல்லது. தவறான ஒயரை வெட்டினால் ஓடும்போதே இயந்திரம் நின்றுபோகலாம்.

கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் இணைப்பான்கள் மலிவானவை, வேகமானவை. நம் ஊர் மழைக்கு அவை தாங்குவது அரிது. உள்ளே நீர் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுவதே சரியான வேலை. பிறகு கைப்பிடியை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் உள்ள புது வண்டியாக இருந்தால், ஒயரில் கை வைக்கும் முன் விற்பனையாளரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

அடுத்தது கற்பித்தல். வேகச் சென்சார் கியர்ப்பெட்டியிலோ பின் சக்கரத்திலோ இருந்தால், பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தியே செய்யலாம். முன் சக்கரத்தில் இருந்தால் ஓட்டித்தான் ஆகவேண்டும். அதற்கு வாகனம் வராத நேரான சாலை தேவை. இயந்திரத்தைச் சூடாக்கி, முதல் கியரில் கிளட்சை முழுவதும் விட்டு, ஒரே சீராகச் சில விநாடிகள் ஓடவிட வேண்டும். எண் பதிவானதும் அடுத்த கியர். பொத்தானை எப்போது, எத்தனை முறை அழுத்துவது என்பது கருவிக்குக் கருவி மாறும். கையேட்டைப் படிக்காமல் வேலையை ஆரம்பித்தால் நேரம்தான் வீண். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் சுழலும் செயினுக்குப் பக்கத்தில் விரலோ துணியோ போகக் கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் பின் சக்கரம் மட்டும் சுற்றுவதால் எச்சரிக்கை விளக்கு எரியலாம். பெரும்பாலும் சாவியை அணைத்து, மீண்டும் போட்டு, சிறிது தூரம் ஓட்டினால் அது அணைந்துவிடும்.

இனி, கணக்கு எங்கே தவறும் என்பது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது வேகம் பூஜ்யம், வகுப்பதற்கு ஒன்றுமில்லை. நியூட்ரலா என்று தனி ஒயர் சொல்லிவிடும். முதல் கியரா இரண்டாவதா என்று கருவிக்குத் தெரியாது. கிளட்சைப் பிடித்திருக்கும் நேரத்திலும் இதே கதைதான். ஆகவே இறக்கத்தில் கியரைக் குறைப்பவர் ஒரு மிதி, கிளட்சை விடுதல், எண்ணைப் பார்த்தல், பிறகு அடுத்த மிதி என்று போக வேண்டும். கிளட்சைப் பிடித்தபடி மூன்று மிதி மிதித்துவிட்டு எண்ணைப் பார்ப்பதில் பயனில்லை.

நம் இளைஞர்கள் ஸ்பிராக்கெட்டை அடிக்கடி மாற்றுகிறார்கள். வேகச் சென்சார் சக்கரத்தில் இருக்கும் வண்டியில், பல் எண்ணிக்கை மாறினால் பழைய எண்கள் செல்லாது. மறுபடியும் கற்பிக்க வேண்டும். சென்சார் கியர்ப்பெட்டியில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஸ்பிராக்கெட்டை மாற்றாமலேயே, முடுக்கும்போது மட்டும் எண் தடுமாறினால், ஒயர்களைச் சோதித்த பிறகு கிளட்ச் தட்டுகளையும் பட்டறையில் காட்டுவது நல்லது. கிளட்ச் வழுக்கும்போது சுற்று ஏறும், வேகம் ஏறாது. கருவியின் கணக்கும் அங்கேதான் உதைக்கும்.