விலை இறங்கும், செலவு இறங்காது: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி

நாற்பது வயதைத் தாண்டிய சாஃப்ட்வேர்காரனுக்கு வரும் வியாதிகளில் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையும் ஒன்று. எனக்கு வந்தது போன வருஷம். வீட்டம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். "வாங்கிக்கோங்க. ஆனா பதினஞ்சாயிரம் டாலர்தான். அப்புறம் இன்ஜின் போச்சு, கியர்பாக்ஸ் போச்சுன்னு வந்து நின்னா பத்து பைசா கிடைக்காது" என்றார்.

யோசித்துப் பார்த்தால், கார் வாங்கப் போகிற எவருக்கும் இதை விட நல்ல அறிவுரை கிடையாது. பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது சுலபம், வச்சுக் காப்பாத்துறதுதான் கஷ்டம். ஆறு மாசம் ஸ்ப்ரெட்ஷீட்டும் கையுமாகத் திரிந்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இருப்பது நியூஜெர்ஸி. அதனால் கணக்கெல்லாம் டாலரில், அமெரிக்கச் சந்தையை வைத்துத்தான்.

ஒரே விலை, ரெண்டு கார்

என் பட்டியலில் கடைசி வரை நின்றவை ரெண்டு. ஒன்று, போர்ஷே பாக்ஸ்டர், 1997-ல் வந்த முதல் தலைமுறை. இன்னொன்று, 2013 மாடல் சயான் எஃப்ஆர்-எஸ். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கியது. இதே கார்தான் சுபாரு பிஆர்இசட் என்றும், மற்ற நாடுகளில் டொயோட்டா 86 என்றும் விற்றது.

காகிதத்தில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பி. பாக்ஸ்டர் 2.5 லிட்டர், 201 குதிரைத்திறன். எஃப்ஆர்-எஸ் 2 லிட்டர், 200 குதிரைத்திறன். ரெண்டின் எடையும் சுமார் 1,250 கிலோ. ரெண்டிலும் பின்சக்கரம்தான் இழுக்கும். நான் தேடின சமயத்தில் ரெண்டுமே 11,000, 12,000 டாலருக்கு விற்பனைக்கு வந்துகொண்டிருந்தன. அப்புறம் என்ன, போர்ஷேன்னு சொல்லிக்கிற பெருமைக்காவது அதையே வாங்கலாமே?

நானும் ரெண்டு வாரம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்தேன்: புதுசாக விற்றபோது என்ன விலை?

பாக்ஸ்டரின் ஆரம்ப விலை 1997-ல் 39,980 டாலர். எஃப்ஆர்-எஸ் 2013-ல் 24,200 டாலர். பணவீக்கத்தைச் சேர்த்தால் அந்த 39,980 என்பது 2013 கணக்கில் சுமார் 58,000 டாலர். அதாவது ஒன்று இன்னொன்றை விட ரெண்டு மடங்குக்கும் மேல் விலையுள்ள கார். இன்றைக்கு ரெண்டும் ஒரே விலைக்கு வந்து நிற்கிறது.

இதில்தான் சூட்சுமம். காரின் விலை வருஷா வருஷம் இறங்கும். ஆனால் அதன் பாகங்களின் விலையும், அதைப் பிரித்து மாட்டும் மெக்கானிக்கின் கூலியும் கூடவே இறங்குவதில்லை. 12,000 டாலருக்கு வாங்கினாலும் பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் எல்லாம் அந்த 58,000 டாலர் காருக்கு உரியவைதான். சின்ன உதாரணம்: ஆயில் மாற்ற எஃப்ஆர்-எஸ்ஸுக்கு 5.4 லிட்டர் போதும், பாக்ஸ்டருக்கு 8 லிட்டருக்கு மேல் வேண்டும். அதன் இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், நடுவில் புதைந்து கிடக்கிறது. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்க்கக் கூட முடியாது. சில இடங்களை மேலே பலகையைக் கழற்றித் தொட வேண்டும், மீதியைக் காரைத் தூக்கிக் கீழிருந்து. எல்லாமே கூலி.

ஒரு பேரிங்கின் கதை

பாக்ஸ்டரைப் பற்றி விசாரித்தால் முதல் நிமிஷத்திலேயே ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இது என்ன பூதம்?

அந்தக் கால பாக்ஸ்டர் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்டுக்கும் கேம்ஷாஃப்டுகளுக்கும் நடுவே இன்னொரு ஷாஃப்ட் தரகு வேலை பார்க்கிறது. வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்ற நேரக்கணக்கே இது வழியாகத்தான் போகிறது. இதன் ஒரு முனையைத் தாங்குவது மூடி சீல் வைத்த ஒரு பால் பேரிங். நாளாக ஆக சீல் தளர்ந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போகிறது. பேரிங் தேய்ந்து உடைந்தால் ஷாஃப்ட் ஆடும், செயின் நேரம் தவறும், வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும். இன்ஜின் காலி. இன்ஜின் மாற்றுகிற செலவு கார் விலையையே தாண்டிவிடலாம்.

எல்லா வண்டிக்கும் இது நடப்பதில்லை. ஆரம்ப வண்டிகளில் இரட்டை வரிசை பேரிங், அது கொஞ்சம் தாங்கும். பிறகு ஒற்றை வரிசைக்கு மாற்றினார்கள், அதில்தான் புகார் அதிகம். 2006-லிருந்து 2008 வரை வந்தவற்றில் பெரிய பேரிங் இருக்கிறது, ஆனால் இன்ஜினையே பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. 2009-ல் புது இன்ஜின் வந்தபோது அந்த ஷாஃப்டையே தூக்கிவிட்டார்கள்.

ஒரு பயனுள்ள குறிப்பு. பழைய வண்டிகளில் இந்த பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றையும் கழற்ற வேண்டும். அதனால் விவரமுள்ளவர்கள் கிளட்ச் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுவார்கள். விற்பவரிடம் "பேரிங் மாத்தியாச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கிளட்ச் மாத்தின பில்லைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

எஃப்ஆர்-எஸ் மட்டும் சொக்கத்தங்கமா?

இல்லை. 2013 மாடலுக்கு வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018 கடைசியில் ரீகால் வந்தது. வண்டியின் வின் நம்பரை அரசின் சாலைப் பாதுகாப்புத் தளத்தில் போட்டால், ரீகால் பாக்கி இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். வேலை முடிந்திருந்தால், முடிந்த பிறகு எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்றும் கேளுங்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்கும் வேலை அது. பிறகு பல ஆயிரம் மைல் ஓடியிருந்தால் மனசுக்கு நிம்மதி.

இந்தக் காரில் பெரிய ஆபத்து இன்ஜினில் இல்லை, முந்தின ஓனரிடம் இருக்கிறது. விலை மலிவு என்பதால் இளவட்டங்கள் வாங்கி டர்போ மாட்டுவார்கள், மூலையில் வழுக்கி விளையாடுவார்கள். விற்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரிஜினல் பாகங்களை மாட்டிக் கொடுப்பார்கள். போல்ட் தலைகளில் ஸ்பேனர் தழும்பு, பொருந்தாத ஹோஸ் கிளாம்ப், வெட்டி ஒட்டின வயர் இதெல்லாம் காட்டிக்கொடுக்கும். கை வைக்காத வண்டி கிடைக்கும் வரை பொறுமையாக இருங்கள்.

நேரில் போனால்

நான் முதலில் பார்க்கப் போன காரின் பெயர் வேண்டாம். சிவப்பு நிறம், பளபளப்பு. பத்து மணிக்கு வரச் சொன்னார், நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன். பானெட்டைத் தொட்டால் சுட்டது. ஆறிக் கிடந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் புகை, தட்டல் சத்தம் எல்லாம் வெளியே வரும். அதை மறைக்க முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார். "காலையில பால் வாங்கப் போனேன்" என்றார். மனசு கேட்காமல் அப்போதும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கம்ப்ரஷன் சோதித்தார். ஒரு சிலிண்டரில் மற்றவற்றை விட ரொம்பவே குறைவு. திரும்பி வந்துவிட்டேன். சோதனைக்கு 300 டாலர் செலவு.

"முன்னூறு டாலர் போச்சா?" என்றார் வீட்டம்மா. போகவில்லை. நான் செலவழித்ததிலேயே உருப்படியான 300 டாலர் அதுதான்.

அன்றிலிருந்து என் வரிசை இது. இன்ஜின் ஆறியிருக்கிறதா? அடுத்து, டயர் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. நாலும் நாலு கம்பெனி டயர் என்றால், கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே காசு பார்த்தவர், தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்? அடுத்து, வண்டிக்கு அடியில் துரு. எங்கள் ஊரில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். பிறகு டைட்டில் பேப்பரில் சால்வேஜ் முத்திரை. எல்லாம் தேறினால் மட்டும் மெக்கானிக்.

கணக்கு

15,000-ல் காருக்கு 11,500. நியூஜெர்ஸி விற்பனை வரி 6.625 சதவீதம், சுமார் 760. மீதி 2,740-ல் சோதனைச் செலவு போக மிச்சத்தைத் தொடக் கூடாது. அது காரின் காசு, நம்முடையது இல்லை. இந்த மிச்சத்தில் ஒரு பெரிய ரிப்பேரைச் சமாளிக்க முடியுமா என்பதுதான் காரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. எஃப்ஆர்-எஸ்ஸில் கிளட்ச் போனால் முடியும். பாக்ஸ்டரில் இன்ஜின் போனால் முடியாது. பாக்ஸ்டர் மோசமான கார் என்று அர்த்தமில்லை. கையில் இன்னொரு பத்தாயிரம் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் எடுத்திருப்பேன்.

கடைசியில் ஒரே ஓனர் வைத்திருந்த, கை வைக்காத எஃப்ஆர்-எஸ் ஒன்றை வாங்கினேன். ஒரு வருஷத்தில் நாலு டயர், முன் பிரேக் பேட், ஆயில், அவ்வளவுதான். மிச்சக் காசு பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் எழுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். சமயத்தில் வீட்டம்மாவும் கூட வருகிறார். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்திதான்" என்கிறார். ஆனால் இறங்கச் சொன்னால் இறங்குவதில்லை.